தேசவழமையும் முதலாண்டுச் சட்ட மாணவரும்

சட்டக் கல்வியின் முதலாண்டைப் பற்றிக் கருத்துரைப்போர் பெரும்பாலும் ஒரே குறையையே சுட்டுவர். மாணவருக்கு ஆங்கிலம் போதாது என்பதே அது. இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. இலங்கையின் தீர்ப்பறிக்கைகளுட் பெரும்பகுதி ஆங்கிலத்திலேயே உள்ளது. தேசவழமையை விரிவாக ஆராய்ந்த எச். டபிள்யூ. தம்பையாவின் நூலும் (1950) ஆங்கிலத்திலேயே எழுதப்பெற்றது. ஆயினும் நெடுந்தீவிலிருந்தோ நயினாதீவிலிருந்தோ பல்கலைக்கழகம் புகும் மாணவர், விரிவுரை மண்டபத்தின் கடைசி வரிசையில் வாய் திறவாதிருப்பதற்கு மொழி ஒன்றே காரணம் என்று கொள்வது ஆராயாது கூறும் முடிபாகும். அவர் ஏற்கெனவே அறிந்து வந்த சட்டத்தைச் சட்டமென எவரும் அவருக்கு அடையாளங் காட்டவில்லை என்பதே இன்னும் ஆழமான காரணம்.

தீவகத்திலே முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்பன பாடநூற் சொற்களல்ல. திருமணப் பேச்சிலும் சகோதரர் பிணக்கிலும் நாளாந்தம் புழங்குவன. உறுதி, ஒற்றி, பரப்பு, பிரிபடாத பங்கு முதலிய சொற்களைப் பத்து வயதுப் பிள்ளையும் கேட்டிருக்கும். ஒரு பனங்காணி தலைமுறை தோறும் பங்காகி, உரிமையாளருள் ஒருவர் ஊரிலும் ஒருவர் கொழும்பிலும் வேறொருவர் கடல் கடந்தும் இருக்கும் நிலை அங்கு புதுமையன்று. இத்தகைய சூழலில் வளர்ந்தவருக்கு உடைமை, ஆட்சி என்பனவற்றை இலத்தீன் வரைவிலக்கணத்தோடு தொடங்கிக் கற்பிப்பது, நீந்தத் தெரிந்தவனைக் கரையிலிருத்தி நீரின் இயல்பை விளக்குவது போன்றதாகும்.

இங்கு குறிக்கத்தக்க விந்தையொன்றுண்டு. ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தம் நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். அவற்றுள் இன்றுவரை வழக்கில் நிலைத்தது நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்னும் பெயரே. அந்நகரிலே 1583இற் பிறந்தவர் ஹூகோ குரோசியஸ். சிறையிலிருந்து அவர் எழுதி 1631இல் வெளியான ஒல்லாந்துச் சட்ட அறிமுகநூல், இலங்கையின் பொதுச் சட்டமாகிய உரோம ஒல்லாந்துச் சட்டத்தின் மூலாதாரங்களுள் ஒன்று. ஆகவே நெடுந்தீவு மாணவர் முதலாண்டில் அந்த டெல்வ்ற்றின் புதல்வரைக் கற்கிறார். தமது டெல்வ்ற்றின் காணி வழக்குப் பற்றியோ எதுவும் கேட்பதில்லை. குரோசியஸைக் கற்பித்தல் தவறன்று. கற்பிக்கும் வரிசையே தவறு.

தேசவழமைத் தொகுப்பு முதலாண்டுக்கு உகந்த பாடம் என்பதற்கு ஊர்ப்பற்று மட்டும் காரணமாகாது. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி, ஆள்பதியின் ஆணைப்படி 1707இல் இதனைத் தொகுத்தளித்தார். பன்னிரு முதலியார் அதனை ஆராய்ந்து உடன்பட்டனர். பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலு அளித்தனர். இம்மூன்று படிகளையும் ஒருங்கே நோக்கும் மாணவர், வழக்காறு எப்போது சட்டமாகிறது என்னும் வினாவுக்குத் தாமே விடை தேடத் தொடங்குவர். மரபுரிமை, தத்து, ஒற்றி, விற்பனை, வட்டி என அத்தொகுப்புப் பேசும் பொருள்கள் யாவும் கண்ணாற் காணத்தக்கவை. ஒற்றியை மீட்பதற்கான முன்னறிவித்தல் பயிர்ப் பருவத்தோடு பிணைக்கப்பட்டிருப்பதைக் காணும்போது, விதியின் காரணம் விதியிலேயே துலங்குகிறது. முதலாண்டு மாணவருக்கு இதைவிட நல்ல பயிற்சி அரிது.

எனினும் அதனைப் போற்றிப் படிக்கச் செய்வது போதாது. தொகுத்தவர் அந்நியர்; உடன்பட்டவர் சமூகத்தின் மேனிலையினர். உழுதவரும் மீன்பிடித்தவரும் பெண்களும் கேட்கப்படவில்லை. அடிமைகள் பற்றிய பகுதி அதில் இயல்பான விடயமாகவே இடம்பெறுகிறது. அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1844இலேதான். யாழ்ப்பாணத்துத் திருமண உரிமைகள் பற்றிய 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமோ, மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கையளிக்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தை வேண்டியது. தாயின் சீதனக் காணிக்கு உறுதி எழுதும்போது தந்தை கையொப்பமிடக் கண்ட மாணவிக்கு, இப்பிரிவு வெறும் இலக்கமன்று. அவள் கேட்கும் வினாவை விரிவுரையாளர் ‘இது பாடத்திட்டத்துக்கு அப்பாற்பட்டது’ என ஒதுக்குவாராயின், அவ்வாண்டு முழுதும் அவள் வேறு வினா கேட்கமாட்டாள்.

இன்னொரு வகையிலும் தீவகம் சட்டவகுப்புக்கு வளம் தருகிறது. புங்குடுதீவினரும் ஊர்காவற்றுறையினரும் நெடுங்காலமாகக் கொழும்பிலும் தென்னிலங்கையிலும் வணிகம் நடத்தினர். அவர்களோடு தேசவழமையும் பயணஞ் செய்ததா? ஸ்பென்சர் எதிர் இராசரத்தினம் (1913) என்னும் வழக்கு, தமிழராய்ப் பிறந்த காரணத்தால் மட்டும் இச்சட்டம் ஒருவரைப் பற்றாது. யாழ்ப்பாணத்தின் வதிவாளராய் இருத்தல் வேண்டும் என்னும் கருத்தை நிறுவியது. வதிவு என்றால் யாது? ஊரில் வீடும் கொழும்பில் கடையும் உடையவர் எங்கே வதிகிறார்? இவ்வினா பல குடும்பங்களில் இன்னும் தீராதிருப்பது.

1990களின் தொடக்கத்தில் இடப்பெயர்வால் தீவுகள் பலவும் வெறிச்சோடின. 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புச் சட்டத்தின்படி, உரிமையாளரின் உரித்தை ஏற்காது பத்தாண்டு இடையறாது ஆண்டவர் காணிக்கு உரிமை கோரலாம். ஊருக்குத் திரும்ப இயலாதவர் என் செய்வார்? 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 முதல் 2009 வரை வழக்காட முடியாதிருந்தோர்க்கு மட்டுப்பட்ட கால அளவில் விலக்களித்தது. விதியையும் விலக்கையும் அருகருகே வைத்துக் கற்பிக்க இதனினும் கூரிய எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

ஆதரவு என்பதைச் சிலர் ஆங்கில வகுப்பு என்றே பொருள்கொள்கின்றனர். ஆங்கில வகுப்பு வேண்டியதே. அதனோடு, முதற்சில வாரங்களிலேயே மாணவர் ஓர் உண்மையான காணி உறுதியை வரிவரியாக வாசித்தல் வேண்டும். எல்லை, பங்கு, உரித்து ஆகியவற்றைத் தாமே பிரித்தறிதல் வேண்டும். சிறு குழுக்களிலே தமிழில் வாதிட்டுப் பின்னர் ஆங்கிலத்தில் எழுத இடமளித்தல் வேண்டும். கடல் கொந்தளிக்கும் நாளில் குறிகட்டுவானுக்குப் படகு வராது என்பதையும் வரவுப் பதிவேடு அறிந்திருத்தல் நன்று.

சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடாத்தும் விதி 2023இல் பாராளுமன்றத்திலே தோற்கடிக்கப்பட்டபோது, மொழி பற்றிய வாதங்களே ஓங்கி ஒலித்தன. முதலாண்டு வகுப்பில் எப்பாடத்தை முதலில் எடுப்பது என்பது பற்றி எவரும் அதிகம் பேசவில்லை. ஐசாக்ஸின் தொகுப்போ, தமிழில் மொழிபெயர்க்கப்பட்ட பின்னரே பன்னிரு முதலியாரின் பார்வைக்குச் சென்றது.