அம்மாவின் கண் போதாது

குழந்தை தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது, சாம்பார் அண்டாவில் விழுந்தது என்று செய்தி வந்த மறுநாளே, பெற்றோருக்கு விழிப்புணர்வு போதவில்லை என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. முகாம், துண்டறிக்கை, வகுப்பு. விழிப்புணர்வே முதல் மருந்து என்று வாதாடும் மருத்துவர்கள் சிலர்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் இதில் அவர்கள் சொல்வது தவறு.

வகுப்பால் பலனே இல்லை என்று சொல்ல வரவில்லை. சுட்ட இடத்தில் பேஸ்ட்டோ இங்க்கோ தடவாமல் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும், மண்ணெண்ணெய் குடித்த பிள்ளையை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது என்பதெல்லாம் சொல்லிக் கொடுத்தால்தான் தெரியும். ஆனால் விபத்தே நடக்காமல் தடுப்பது வேறு. வீட்டுப் பாதுகாப்புப் பாடங்களைப் பற்றிய சோதனைகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் ஆய்வு, பெற்றோரின் பழக்கங்கள் மாறுகின்றன என்கிறது. காயங்கள் குறைந்தன என்பதற்கு அந்த அளவு உறுதியான சான்று அதில் இல்லை.

ஓர் அங்கன்வாடிக் கூட்டத்தில் மாட்டியிருந்த படம் நினைவிருக்கிறது. கிரானைட் மேடை, மேலே கேஸ் அடுப்பு, எட்டாத அலமாரியில் மருந்து. பாயில் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் வீட்டில் அடுப்பு தரையில். "ஒரே ரூமு மேடம், அடுப்ப எங்க தூக்கி வைக்க?" என்று ஒரு பெண் கேட்டாள். "நாமதாம்மா கண்ணும் கருத்துமா பாத்துக்கணும்" என்பதுதான் பதில்.

என் நெடுநாள் ஆட்சேபம் இந்தப் பதிலின் மேல்தான். கண்ணும் கருத்துமாகப் பார்ப்பது ஒரு முழுநேர வேலை. அதற்கு ஆள் கொடுக்காமல், சமைக்கிற, தண்ணீர் சுமக்கிற அதே பெண்ணின் தலையில் கட்டுகிறோம். நடை பழகும் பிள்ளைக்குத் தலை கனம். பாதி பக்கெட் தண்ணீரில் தலைகுப்புற விழுந்தாலும் தானாக எழ முடியாது, சத்தமும் கேட்காது. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். நாள் முழுக்கச் சில நிமிடம்கூடக் கண் அகலாத தாய் எந்த ஊரில் இருக்கிறாள்?

வீட்டுக்கு வெளியேயும் இதே கதைதான். கைவிட்ட ஆழ்துளைக் கிணறுகளை மண்ணிட்டு நிரப்ப வேண்டும், மாவட்ட நிர்வாகம் கணக்கு வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் உத்தரவிட்டது. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுப் பிள்ளை அப்படியொரு குழிக்குள் போனது. சொந்த நிலம்தானே என்பார்கள். உத்தரவு போட்டு ஒன்பது ஆண்டாகியும் அந்தக் குழி ஒரு பிள்ளையை விழுங்கும் நிலையில்தானே இருந்தது! வகுப்பு எடுத்தவர்கள் தங்கள் பங்கு முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பிள்ளை போன பிறகு, சொல்லியும் கேட்காதவள் என்ற பழி தாய்க்கு. இது கொடுமை.

பார்த்துக்கொள்ள ஆள் கொடுத்த இடமும் உண்டு. வங்கதேசத்தில் சின்னப் பிள்ளைகள் குளங்களில் மூழ்குவது பெரும்பாலும் முற்பகலில், தாய்மார் வேலையாக இருக்கும் நேரத்தில். அங்கே கிராமத்திலேயே ஒரு பெண்ணை அமர்த்தி, காலை ஒன்பது முதல் ஒரு மணிவரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வைத்தார்கள். அந்த இடங்களுக்கு ஆஞ்சல் என்று பெயர். வங்காள மொழியில் முந்தானை என்று பொருள். அங்கே வந்த பிள்ளைகளிடையே மூழ்கிச் சாவது வெகுவாகக் குறைந்தது.

அடுத்த படத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் அதிகாரிகள் தெருவில் இறங்கி, திறந்து கிடக்கும் தொட்டிகளை எண்ணி மூடி போடட்டும். ஒன்றரை வயதுப் பிள்ளையை முற்பகலில் நம்பி விட்டுவர ஊருக்கு ஓர் இடம் திறக்கட்டும். வகுப்பை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.