காப்பித்தூள் கலந்த நீரில் ஒரு தேர்வு

புற ஊதாக் கதிர்க்கலம் தன் வேலையைச் செய்கிறதா என்பதை வெளியேறும் குடிநீரைப் பார்த்துச் சொல்ல முடியாது. குளோரின் நீரில் எஞ்சி நின்று சாட்சி சொல்லும். கதிர் எதையும் விட்டுச் செல்வதில்லை. ஆகவே முழு நம்பிக்கையும் முன்கூட்டி நடத்தும் தகுதிச் சோதனையின் மேல்தான் நிற்கிறது. நியூயார்க்கின் கேட்ஸ்கில்-டெலவேர் நிலையம் 2013இல் திறக்கப்பட்டபோது அதில் 56 கலங்கள், கலத்துக்கு 210 விளக்குகள். அத்தகைய பெருநிலையத்தில் சோதனையின் சிறுபிழையும் கலந்தோறும் பெருகும்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2006ஆம் ஆண்டுக் கையேடு வகுத்த முறை இது: கலத்தின் வழியே எம்.எஸ்.2 என்னும் பாக்டீரியத் தாக்கி வைரஸைச் செலுத்தி, எத்தனை அழிந்தன என்று எண்ணுவது. அதே வைரஸை ஆய்வகத்தில் இணைகதிரின் கீழ் வைத்து, அதே அழிவுக்கு எவ்வளவு கதிர் தேவை என்று காண்பது. இரண்டையும் பொருத்திக் கலம் தந்த கதிரளவைக் கணிப்பது. கதிர் எளிதில் ஊடுருவாத நீரின் நிலையை உண்டாக்க உடனடிக் காப்பித்தூளைக்கூடக் கலப்பார்கள். கேட்க வேடிக்கை, ஆனால் கலத்தை அதன் மோசமான நாளில் தேர்வுக்கு உட்கார வைக்கும் நேர்மை அதில் உண்டு.

நேர்மை இருக்கும் அளவுக்குப் பொருத்தம் இல்லை. பிடிக்க வேண்டிய கிருமி கிரிப்டோஸ்போரிடியம். 1993இல் மில்வாக்கியில் ஏறத்தாழ 4 லட்சம் பேரை வீழ்த்தியது. அதை ஆயிரத்தில் ஒன்றாகக் குறைக்க விதி கேட்பது சதுர சென்டிமீட்டருக்கு 12 மில்லிஜூல். எம்.எஸ்.2வோ பத்தில் ஒன்றாகக் குறையவே 20 மில்லிஜூல் அளவில் கேட்கும் முரட்டுப் பிறவி. கலத்துக்குள் எல்லா நீரும் ஒரே கதிரைப் பெறுவதில்லை. சில ஓடைகள் விளக்குக்கு எட்டி, விரைந்து நழுவிவிடும். மென்மையான கிருமியில் எத்தனை மிஞ்சும் என்பதை அந்த நழுவிய ஓடைகளே தீர்மானிக்கும். முரட்டுக் கிருமியின் கணக்கோ சராசரியை ஒட்டி அமைந்து, கலத்துக்குக் கூடுதல் மதிப்பெண் போட்டுவிடும்.

கையேடு இதை அறியாமல் இல்லை. இந்தச் சார்புக்கு ஒரு காரணி, அளவீட்டு ஐயத்துக்கு ஒரு காரணி என்று பெருக்கித் தேவையான கதிரளவை உயர்த்துகிறது. தன் அறியாமைக்குத் தானே அபராதம் கட்டும் இந்த ஒழுக்கம் பாராட்டத்தக்கது. ஜெர்மானிய முறை வேறு: பேசில்லஸ் சப்டிலிஸ் வித்துகளால் சோதித்து, எல்லோருக்கும் 40 மில்லிஜூல் என்று ஒரே கோடு. இயக்குபவருக்கு எளிது, ஏமாற்ற இடம் குறைவு. ஆனால் கிருமிக்குக் கிருமி வேறுபாடு பார்ப்பதில்லை, மின்சாரமும் வீணாகும். கணக்கில் அமெரிக்க முறை நுட்பமானது. நடைமுறையில் ஜெர்மானிய முறை உறுதியானது.

கையேட்டின் உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. நடுத்தர அழுத்த விளக்குகள் பல அலைநீளங்களில் ஒளிர்பவை. 240 நானோமீட்டருக்குக் கீழே எம்.எஸ்.2வின் உணர்திறன், அதன் வழக்கமான அளவை ஒப்பிட, கிரிப்டோவினதைவிட அதிகம் கூடும். அதனால் அந்தக் கலங்களில் கிரிப்டோவை அந்த அளவுக்குக் கொல்லாத கதிருக்கும் மதிப்பெண் விழுகிறது. போதாக்குறைக்கு, கிருமிகொல் அலைநீளங்களுக்கு இசையாத உணரி பொருத்திய கலத்தில், விளக்குறை முதிர்ந்து குறுங்கதிரை மறைத்தாலும் காட்டும் எண் அதிகம் அசையாது. 2006இல் இதற்கு உரிய கனம் தரப்படவில்லை.

அந்த முகமையே 2020இல் வெளியிட்ட புதிய அணுகுமுறை ஆவணம் சார்பு, அலைநீளம் என்னும் இரு ஓட்டைகளையும் நேராக எதிர்கொள்கிறது. வெவ்வேறு உணர்திறன் கொண்ட கிருமிகளால் சோதித்து, அவற்றுக்கிடையே கிரிப்டோவின் இடத்தைக் கணித்தால் சார்புக் காரணி தேவையற்றுப் போகிறது. அலைநீள வேறுபாட்டுக்குத் தனித் திருத்தம் வருகிறது. கணிதம் கனமானது, சிறு நகராட்சிப் பொறியாளர் தனியே கையாளத்தக்கதல்ல. அதற்காக இதைத் தள்ள முடியாது.

இந்த அலைநீளச் சிக்கல் இல்லாத குறைந்த அழுத்த விளக்குக் கலங்களுக்கு 2006ஆம் ஆண்டு முறையில் பெற்ற சான்றுகள் நிற்கும். நடுத்தர அழுத்தக் கலங்களுக்கு, அலைநீளத் திருத்தமின்றி எம்.எஸ்.2வை மட்டும் வைத்துப் பெற்ற சான்றுகளை மீண்டும் கணக்கிட்டே ஏற்க வேண்டும்.