கரிசலில் சொல் பொறுக்கியவர்கள்

மாட்டுவண்டிச் சக்கரம் ஒன்றை நின்று நிதானமாகப் பாருங்கள். நடுவில் குடம். அதிலிருந்து கிளம்பும் ஆரக்கால்கள். அவற்றின் நுனிகளை வளைத்துப் பிடிக்கும் வட்டை. அதற்கு வெளியே இரும்புப் பட்டா. சக்கரம் கழன்றுவிடாமல் அச்சின் முனையில் கடையாணி. பட்டாவைப் பழுக்கக் காய்ச்சி, சூட்டில் விரிந்திருக்கும்போதே வட்டையின்மேல் ஏற்றித் தண்ணீர் விடுவார்கள். இரும்பு சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். மழை பெய்தால் அச்சுவரை வண்டியை இழுத்துக்கொள்வதும் கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடப்பதுமான கரிசல் மண்ணில் அந்தச் சக்கரம் ஓடியாக வேண்டும்.

கலப்பைக்கும் இதே கதைதான். கொழு ஆழமாக இறங்கி மாடு திணறுகிறது என்று சம்சாரி, அதாவது விவசாயி, வந்து சொன்னால், ஆசாரி ஒரு ஆப்பை அடித்து ஏர்க்காலின் சாய்வை மாற்றித் தருவார். மறுநாள் உழுது பார்த்துவிட்டுச் சம்சாரி திரும்ப வருவார். பட்டறை வாசலில் தலைமுறை தலைமுறையாக நடந்த இந்தப் பேச்சை வடிவமைப்பு ஆராய்ச்சி என்றே நான் சொல்வேன். அதன் பதிவேடு அந்தப் பேச்சில் புழங்கிய சொற்கள்தாம்.

அந்தப் பதிவேட்டைத் தாளில் ஏற்றியவர் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் (கி.ரா.). கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் 1923இல் பிறந்த விவசாயி. பட்டம் எதுவும் பெற்றவரல்ல. அவருடைய கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி 1982இல் வெளிவந்தது. அவர் புதுவைப் பல்கலைக்கழகத்துக்குப் பணியாற்றப் போனது அதற்கெல்லாம் பிறகு, 1989இல். ஆகவே அகராதி வேலைக்குப் பின்னால் பல்கலைக்கழகமும் இல்லை, மானியமும் இல்லை. சொல் பொறுக்கித் தர நண்பர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்து, லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைத் தாங்கி நிற்பது. அதன்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அது பெரும்பாலும் ஏட்டையும் நூலையும் பார்த்து எழுதப்பட்டது. கி.ரா.வின் அகராதி வாயைப் பார்த்து எழுதப்பட்டது.

இப்படிப் பலர் சேர்ந்து சொல் பொறுக்குவது வேறு இடத்திலும் நடந்ததுதான். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்காக அதன் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மர்ரே 1879இல் பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். புத்தகங்களைப் படியுங்கள், சொல் வரும் வாக்கியத்தைச் சீட்டில் எழுதி அனுப்புங்கள் என்று கேட்டார். சம்பளமில்லாத வாசகர்கள் லட்சக்கணக்கில் சீட்டுகள் அனுப்பினார்கள். 1928இல் அகராதி முடிந்தது. மகத்தான கூட்டுழைப்பு. ஆனாலும் புத்தகம் கூச்சப்படாது. ஆளைப் பார்த்ததும் பேச்சை மாற்றிக்கொள்ளாது. கரிசலில் சொல் தேடியவர்களின் பாடு அதைவிட நுணுக்கமானது.

நோட்டும் பேனாவுமாகப் போய், “இதை என்னன்னு சொல்வீக?” என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர் ஒரு கணம் தயங்கிவிட்டுப் பள்ளிக்கூடத் தமிழில் ஒரு சொல் தருவார். அது பொய்யில்லை, வந்தவருக்கு அவர் செய்யும் மரியாதை. உண்மையான சொல் வேண்டுமென்றால் அவரோடு வேலையில் கை கொடுக்க வேண்டும். காய்ந்த பருத்திச் செடிகளான பருத்திமாரைக் கட்டும்போது, கிணற்றில் நீர் இறைக்கும் கமலையின் வடம் நைந்து போகும்போது, நுகத்தடி சறுக்கி மாடு மிரளும்போது, அதட்டலோடு அதட்டலாக அந்தச் சொல் வந்து விழும். பொருள் பழுதாகும் நேரமே அதன் பெயர்கள் முழுசாக வெளிவரும் நேரம். அப்போது நோட்டை எடுக்கக்கூடாது. மனசில் முடிந்துகொண்டு வந்து, வீடு சேர்ந்தபின் எழுத வேண்டும். இந்தப் பொறுமையைத்தான் நான் கலை என்கிறேன்.

இன்னொன்றும் வேண்டும். கொண்டுவந்த சொல்லை வாங்கிக்கொள்ள ஆர்வமாக ஒருவர் காத்திருக்க வேண்டும். கி.ரா. ஓயாமல் கடிதம் எழுதியவர், வந்த கடிதங்களைப் பேணியவர். ஒரே ஊரில் பிறந்த கு. அழகிரிசாமி அவருக்கு எழுதிய கடிதங்கள் நூலாகவே வந்திருக்கின்றன. காசு வாங்காமல் உழைப்பவருக்குக் கூலி, தான் கொண்டுவந்ததை ஒருவர் ரசிப்பதுதான். அந்த ரசனையைத் தாராளமாகக் கொடுக்கத் தெரிந்தவரைச் சுற்றித்தான் கூட்டம் சேரும். குழு அமைக்க விரும்புகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது இதை. தலைவர், செயலாளர், தீர்மானம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

காசு வாங்காமல் கூடி உழைக்கும் இந்தப் பழக்கத்துக்குக் கோவில்பட்டி ஏற்ற ஊர். இந்தப் பக்கத்து எழுத்தாளர்களில் ச. தமிழ்ச்செல்வன் அஞ்சல்துறையிலும், உதயசங்கர் ரயில்வேயிலும், பூமணி கூட்டுறவுத்துறையிலும் வேலை பார்த்தவர்கள். பகலெல்லாம் உத்தியோகம், பொழுது சாய்ந்தால் டீக்கடையிலும் காந்தி மைதானத்திலும் பேச்சு என்று வளர்ந்த இலக்கியம் இந்த ஊருடையது. நெல்லைப் பக்கம் கழனியூரன் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே நாட்டுப்புறக் கதைகளைச் சேகரித்தார். கி.ரா. போட்ட தடத்தில் பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000இல் வந்தது. 2007இல் வந்த நடுநாட்டுச் சொல்லகராதியைச் செய்த கண்மணி குணசேகரன், அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையின் தொழிலாளி. நட்டும் போல்ட்டும் பிடித்த கைதான் ஒரு வட்டாரத்தின் பேச்சையும் கழற்றிப் பார்த்து அடுக்கி வைத்தது.

தொழிலாளியே ஆய்வாளராவது அகராதியோடு நிற்கவில்லை. தொழிற்சாலைக்குள் தொழிலாளர்களே கூடித் தங்கள் வேலையை ஆராயும் தர வட்டங்கள் ஜப்பானில் 1962இல் தொடங்கின. இந்தியாவில் 1980இல் ஹைதராபாத் பெல் (BHEL) ஆலையில் முதல் வட்டம் கூடியது. பழுதைக் குறைப்பதும் நேரத்தை மிச்சப்படுத்துவதும் அவற்றின் நோக்கம். நல்ல காரியம்தான். ஆனால் வேலை செய்கிறவரின் கைக்குத் தெரிந்ததையும் அதற்கு அவர் வைத்திருக்கும் பேச்சையும் சேர்த்து எழுதி வைத்தால் அந்த ஆய்வு எவ்வளவு கனம் பெறும்! கரிசல் அகராதியைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு இந்த ஆசை வருகிறது.

சம்சாரியின் சொற்கள் தப்பித்துவிட்டன. இந்தப் பக்கத்தில் தீப்பெட்டி ஆபீஸ் என்று சொல்லப்படும் தீப்பெட்டித் தொழிற்சாலையின் சொற்கள்? சட்டத்தில் குச்சி அடுக்கியவர்கள், குச்சியை மருந்தில் முக்கி எடுத்தவர்கள், வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டியவர்கள் பெரும்பாலும் பெண்கள். எந்தக் குச்சி ஒடியும், ஈரக்காற்று அடிக்கும் நாளில் மருந்து என்ன செய்யும் என்பது அவர்கள் விரலுக்குத் தெரியும். இயந்திரம் வந்த இடங்களில் அந்த விரல்கள் வேறு வேலைக்குப் போய்விட்டன. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் ஊரே மகிழ்ந்தது. பாகு இறக்கும் பதத்தை மாஸ்டர் எந்தச் சொல்லால் சொல்கிறார் என்பதையும் எழுதி வைத்தால் அந்த மகிழ்ச்சி முழுமையாகும்.

ஆகவே தீப்பெட்டி ஆபீஸிலோ மில்லிலோ அச்சகத்திலோ மிட்டாய்ப் பட்டறையிலோ வேலை பார்க்கும் நண்பர்களே, யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம். ஒத்த மனசுள்ள நாலு பேர் ஷிப்ட் முடிந்து அரைமணி நேரம் உட்காருங்கள். ஒரு நோட்டு வாங்குங்கள். உங்கள் கையில் இருக்கும் கருவி ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது, அதன் ஒவ்வொரு பாகத்துக்கும் என்ன பெயர், எங்கே அது உங்களைப் படுத்துகிறது என்று எழுதத் தொடங்குங்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட அக்காமார்களையும் அண்ணாச்சிமார்களையும் முதலில் போய்ப் பாருங்கள்.