கதவு திறந்திருக்கு, நேரம்தான் ஒத்துவரலை

தவளக்குப்பம் சந்திப்பில் காலை ஆறரை மணிக்கு நின்று பாருங்க. ஒரு பக்கம் கடலூர் பஸ், மறு பக்கம் புதுச்சேரி பஸ். ஏறுகிற பிள்ளைகளில் பாதிப் பேர் தோளில் கல்லூரிப் பை, மீதிப் பேர் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. நைட் ஷிஃப்ட் முடிந்து இறங்கி, தூக்கக் கலக்கத்தோட அபிஷேகப்பாக்கம் பக்கம் நடக்கிறவங்களும் உண்டு. எல்லாருக்கும் ஒரே வயசுதான், பத்தொன்பது, இருபது.

இந்தப் பதிவு அடையாள அட்டைக்காரர்களைப் பற்றியது. சமுதாயக் கல்லூரி என்ற யோசனையே அவங்களுக்காக வந்ததுதான். ஆனால் அவங்களை அது உள்ளே விடுறதில்லை. தடுப்பது சேர்க்கை விதி இல்லை, கால அட்டவணை என்பது என் வாதம்.

முதலில் கொஞ்சம் வரலாறு. இந்தியாவின் முதல் சமுதாயக் கல்லூரி நம்ம ஊரில்தான் தொடங்கியது. 1995-இல் புதுவைப் பல்கலைக்கழகம் லாஸ்பேட்டையில் ஆரம்பித்தது. அடுத்த வருஷம் சென்னையில் மெட்ராஸ் சமுதாயக் கல்லூரி வந்தது. பிறகு பன்னிரண்டாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் யுஜிசி தனித் திட்டமாகவே இதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. மூல மாதிரி அமெரிக்காவுடையது. அங்கே 1901-இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட்டில் தொடங்கியதைத்தான் முதல் பொதுச் சமுதாயக் கல்லூரி என்று சொல்வாங்க. இன்றைக்கு அங்கே இந்தக் கல்லூரிகளில் படிப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பேர் பகுதிநேர மாணவர்கள். வேலை முடிந்து சாயங்காலம் வந்து, ஒரு பருவத்துக்கு ரெண்டு பாடம் மட்டும் எடுத்துப் படிப்பது அங்கே சாதாரணம்.

நாம் அதிலிருந்து பெயரை எடுத்துக்கிட்டோம், தொழில் சார்ந்த பாடங்களை எடுத்துக்கிட்டோம், பல இடங்களில் வெளியேறலாம் என்ற ஏற்பாட்டையும் எடுத்துக்கிட்டோம். பகுதிநேரத்தை மட்டும் அங்கேயே விட்டுட்டு வந்துட்டோம்.

இதை ஆவேசமாகச் சொல்வதைவிடக் கணக்காகச் சொல்றேன். யுஜிசி வழிகாட்டு நெறிப்படி ஒரு வருஷ டிப்ளமாவுக்கு 60 கிரெடிட். பருவத்துக்கு 30. ஒரு கிரெடிட் என்பது 15 மணி நேர வகுப்பு. ஆக ஒரு பருவத்துக்கு 450 மணி நேரம். பதினெட்டு வாரத்தில் அதை முடிக்கணும் என்றால் வாரத்துக்கு 25 மணி நேரம். வாரம் ஐந்து நாள் என்று வைத்தால் தினம் ஐந்து மணி நேரம். காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தால், சாப்பாட்டு இடைவேளையோட மூன்று மணி ஆகிடும்.

இப்போ சுழற்சி ஷிஃப்டில் வேலை பார்க்கிற ஒரு பிள்ளையை இதில் உட்கார வைப்போம். ஒரு வாரம் காலை ஆறு முதல் ரெண்டு, அடுத்த வாரம் ரெண்டு முதல் பத்து, அதற்கடுத்த வாரம் ராத்திரி பத்து முதல் காலை ஆறு. முதல் ஷிஃப்ட் வாரத்தில் வகுப்பு மொத்தமும் போச்சு. ரெண்டாவது ஷிஃப்ட் வாரத்தில் மதியம் ஒரு மணிக்கே எழுந்து ஓடணும். மூன்றாவது வாரம் தூங்காமல் வந்தால்தான் உண்டு. பெரிய மனசு பண்ணி ரெண்டாவது, மூன்றாவது வாரங்களை முழு வருகையாகவே கணக்கில் எடுத்துக்கலாம். அப்பவும் 67 சதவீதம். நம்ம பல்கலைக்கழகங்களில் வழக்கமாகக் கேட்பது 75. அந்தப் பிள்ளை எவ்வளவு முயற்சி பண்ணினாலும் தேர்வு எழுத முடியாது. சோம்பேறித்தனத்துக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. சேர்ந்த முதல் நாளே அந்த முடிவு எழுதியாச்சு.

இதற்கு மேல் பஸ். தவளக்குப்பத்திலிருந்து லாஸ்பேட்டை போகணும்னா புதுச்சேரி பஸ் ஸ்டாண்டு வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இருந்து வருபவங்களுக்கு தவளக்குப்பமோ கன்னியக்கோவிலோ வந்து சேரவே ஒரு பஸ் வேணும். தாகூர் கலைக் கல்லூரி, காஞ்சி மாமுனிவர் மையம், சமுதாயக் கல்லூரி எல்லாம் வடக்கே லாஸ்பேட்டையில் கூடிக்கிடக்கு. தெற்குக் கொம்யூன்காரர்களுக்கு ஒரு மணி நேர வகுப்பின் உண்மையான விலை ரெண்டு, ரெண்டரை மணி நேரம்.

அட்டவணை எப்படித் தயாராகுது என்பதையும் சொல்லணும். கல்லூரி ஒன்றில் அந்த வேலை கொஞ்ச காலம் என் தலையில் விழுந்தது. முதலில் மொழிப்பாட நேரத்தைக் கட்டிப்போடுவோம். தமிழ், பிரெஞ்சு, இந்தி வகுப்புகளில் பல துறை மாணவர்கள் சேர்ந்து உட்காருவதால் அந்த நேரத்தில் எல்லாத் துறையும் காலியாக இருந்தாகணும். அடுத்தது ஆய்வுக்கூடம், ஏனென்றால் கணினிகள் அத்தனைதான். அதற்கடுத்தது கௌரவ விரிவுரையாளர் எந்தெந்த நாள் வருவார் என்பது. மிச்சமிருக்கிற கட்டங்களில் மற்ற பாடங்களை நிரப்புவோம். இவ்வளவு நிபந்தனைகளில் மாணவருக்கு எந்த நேரம் ஒத்துவரும் என்ற நிபந்தனை ஒரு தடவைகூட வரலை. யாரும் வேணும்னு விட்டதில்லை. எங்களுக்கு அது தோணவே இல்லை. எனக்கும்தான்.

தோணாததற்குக் காரணம் விண்ணப்பப் படிவத்திலேயே இருக்கு. மதிப்பெண், சாதிச் சான்று, குடியிருப்புச் சான்று, பெற்றோர் வருமானம் எல்லாம் கேட்போம். நீங்க வேலை பார்க்கிறீங்களா, எந்த ஷிஃப்ட், எத்தனை பஸ் மாறி வரணும் என்று நான் பார்த்த எந்தப் படிவமும் கேட்டதில்லை. கேட்காத தகவலை வைத்து அட்டவணை போட முடியாதுதானே?

கல்வெட்டு படிக்கிறவங்களுக்கு இங்கே ஒரு விஷயம் உறுத்தும். இதே கிராமங்களில் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி கல்லூரிகள் இருந்தன. பல்லவன் நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டுச் செப்பேடு பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்ததைச் சொல்லுது. விழுப்புரம் பக்கத்து எண்ணாயிரத்தில், முதலாம் ராஜேந்திரன் காலத்தில், 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். இளநிலை மாணவர் 270, மேல்நிலை 70. இளநிலை மாணவருக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல். 1048-ஐச் சேர்ந்த திருபுவனைக் கல்வெட்டு 260 மாணவர், 12 ஆசிரியர் என்று கணக்குச் சொல்லி, அவங்களுக்கு ஊர் வாரிய வேலைகளிலிருந்து விலக்கும் கொடுக்குது.

இதைப் பொற்காலம் என்று கொண்டாட நான் வரலை. அந்தக் கல்லூரிகள் வேதம் படிக்கிற பிராமணர்களுக்கானவை. அவங்களுக்கான நெல்லை விளைவித்தவரின் மகன் உள்ளே வந்திருக்க முடியாது. ஆனால் ஒன்று மட்டும் அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. ஒருத்தரைப் படிக்கச் சேர்ப்பது என்றால் அவர் நேரத்துக்கும் ஏற்பாடு பண்ணணும். நெல்லும் வேலை விலக்கும் அந்த ஏற்பாடுதான். இன்றைக்கு யார் வேணும்னாலும் விண்ணப்பிக்கலாம். அது சின்ன முன்னேற்றம் இல்லை. நேரம் மட்டும் அவங்கவங்க பாடு என்று விட்டுட்டோம்.

நேரத்துக்கு ஏற்பாடு பண்ணினால் பலன் உண்டா? நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் தன் சமுதாயக் கல்லூரிகளில் அசாப் என்ற திட்டத்தைத் தொடங்கியது. முழுநேரமாகப் படிக்கணும் என்று கண்டிப்பு. பதிலுக்குக் கல்விக் கட்டணத்தில் குறைகிற தொகை, பாடப்புத்தகச் செலவு, ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் இலவச அட்டை, நெருங்கிப் பேச ஓர் ஆலோசகர், வகுப்புகளை ஒரே தொகுப்பாக அடுக்கிய அட்டவணை. குலுக்கல் முறையில் மாணவர்களை ரெண்டு குழுவாகப் பிரித்துச் சோதித்தார்கள். மூன்று வருஷத்தில் பட்டம் முடித்தவர்கள் திட்டத்தில் இருந்த குழுவில் 40 சதவீதம், இல்லாத குழுவில் 22. இதில் பஸ் அட்டையின் பங்கு எவ்வளவு, அட்டவணையின் பங்கு எவ்வளவு என்று தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் முழு நேரத்தையும் கேட்கிற நிர்வாகம் அதற்குரிய செலவையும் ஏற்றால் என்ன நடக்கும் என்பது தெரியுது.

நம்ம சீர்திருத்தங்கள் வேறு பக்கம் போகுது. 2021-இல் வந்த கிரெடிட் வங்கி, சேர்த்த கிரெடிட்டை ஏழு வருஷம் வரை வைத்திருக்கும். நல்ல விஷயம்தான். 2024 ஜூனில், வருஷத்துக்கு ரெண்டு தடவை சேர்க்கை நடத்தலாம் என்று யுஜிசி சொன்னது, கட்டாயம் இல்லை. இவை எல்லாம் வெளியே போவதையும் திரும்பி வருவதையும் சுலபமாக்குது. உள்ளே இருக்கும்போது செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரைக்கு அந்தப் பிள்ளை எங்கே இருக்கணும் என்ற கேள்வியைத் தொடவே இல்லை.

செய்யக்கூடியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. விண்ணப்பத்தில் வேலை நேரத்தைக் கேளுங்க. அட்டவணையைச் சேர்க்கைக்கு முன்னாடியே வெளியிடுங்க, பார்த்துட்டுச் சேரட்டும். ஒரே பாடத்தைக் காலையில் ஒரு பிரிவும் மாலையில் ஒரு பிரிவுமாக நடத்தி, ஷிஃப்ட் மாறுகிற வாரம் பிரிவும் மாற அனுமதியுங்க. ரெண்டு பிரிவிலும் சேர்த்து வருகைக் கணக்கு எடுங்க. ஒரு வருஷ டிப்ளமாவை ரெண்டு வருஷத்தில் முடிக்க விடுங்க. வகுப்பைத் தெற்கே கொண்டு வாங்க. தவளக்குப்பத்திலேயே ராஜீவ் காந்தி கலை அறிவியல் கல்லூரி இருக்கு. சாயங்காலம் நாலு அறை கேட்டுப் பார்க்கலாம்.

மறுப்பும் இருக்கு. மாலைப் பிரிவுக்கு ஆசிரியர் சம்பளம் வேணும். ராத்திரி எட்டரைக்கு வகுப்பு விட்டால் பெண் பிள்ளைகள் எந்த பஸ்ஸில் வீட்டுக்குப் போவாங்க? நியாயமான கேள்வி. அதற்கும் விடை அட்டவணையில்தான் இருக்கு, இந்தத் தடவை பஸ் அட்டவணையில். மாணவர்களுக்கு ஒரு ரூபாய் பஸ் விட்ட ஊர் இது. கடைசி வகுப்புக்கு ஒரு பஸ் விடுவது நமக்குப் புதுசு இல்லை.

அதுவரை ஆறரை மணி பஸ்ஸில் அடையாள அட்டையோட ஏறுகிறவரிடம் போய், ஏன் தம்பி படிக்கலையா என்று கேட்காமல் இருப்போம். எந்த நேரத்தில் வகுப்பு வைத்தால் வருவே என்று கேட்போம்.