முதல் நகர்த்தலின் தகுதி: தமிழகச் சதுரங்கமும் தொடக்க முறைகளும்

சதுரங்கத்தில் தொடக்கம் எனப்படுவது, இரு தரப்புக் காய்களும் தத்தம் வரிசைகளை விட்டு வெளிவந்து, ராஜா பாதுகாப்பான இடத்தை அடையும் வரையிலான, ஏறத்தாழ முதல் பத்துப் பதினைந்து நகர்த்தல்களின் தொகுதியாகும். இத்தொகுதிகளுக்குப் பெயரிட்டும் வகைப்படுத்தியும் ஒன்றன் மேன்மையை மற்றொன்றோடு ஒப்பிட்டும் மேலை நாட்டார் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக நூல்கள் எழுதி வந்திருக்கின்றனர். தமிழகத்தில் இத்துறை மிகப் பிந்தியே வேர்கொண்டது என்றாலும், எந்தத் தொடக்கம் சிறந்தது என்னும் கேள்விக்குரிய அளவுகோல் காலந்தோறும் எவ்வாறு மாறியது என்பதை விளக்கத் தமிழக ஆட்டக்காரர்களின் ஆட்டங்களைக் காட்டிலும் தெளிவான சான்றுகள் கிடைப்பது அரிது.

வெள்ளைக் காய்களை ஆடுபவருக்கு முதல் நகர்த்தலாக இருபது வழிகள் உள்ளன. அவற்றுள் உயர்நிலைப் போட்டிகளில் பெரிதும் ஆளப்படுபவை நான்கே. ராஜாவின் முன் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவது ஈ4 என்றும், ராணியின் முன் நிற்கும் சிப்பாயை அவ்வாறே தள்ளுவது டி4 என்றும் குறிக்கப்படும். முன்னது ராணிக்கும் ஒரு மந்திரிக்கும், அதாவது பிஷப்புக்கும், உடனே வழிதிறந்து மோதலை விரைவுபடுத்துகிறது. ஆனால் முன்சென்ற அச்சிப்பாய்க்குப் பின்னால் இயல்பான காவல் ஏதுமில்லை. பின்னதில் சிப்பாய்க்கு ராணியே பின்துணையாக நிற்பதால் ஆட்டம் மெதுவாகவும் உறுதியாகவும் விரிகிறது. மற்ற இரண்டும், பக்கவாட்டுச் சிப்பாயை நகர்த்தும் சி4 என்னும் ஆங்கிலத் தொடக்கமும், குதிரையை முதலில் எடுக்கும் ரெட்டி முறையும், நடுக்கட்டங்களை உடனே பிடிக்காமல் எதிராளியின் எண்ணத்தை அறிந்த பின் முடிவெடுக்க இடம் தருபவை.

இந்த விவாதங்கள் எவையும் பழைய இந்திய ஆட்டத்தில் எழவில்லை; அதற்கு அன்றைய விதிகளே காரணம். நாட்டுச் சதுரங்கத்தில் சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டமே செல்லும். ராஜாவும் யானையும் ஒருசேர இடம் மாறும் கோட்டை கட்டுதல் இல்லை. அதற்கு ஈடாக ராஜா ஆட்டத்தில் ஒரு முறை குதிரையைப் போலத் தாவலாம். படைகள் மெல்ல நெருங்கும் இத்தகைய ஆட்டத்தில் முதல் பத்து நகர்த்தல்களை மனனம் செய்வதால் பெரும்பயன் இல்லை. எனவே இந்திய அறிஞர்களின் கவனம் இறுதிக் கட்டத்தின் மீதே குவிந்தது. திருவேங்கடாச்சார்ய சாஸ்திரி எழுதி 1814ஆம் ஆண்டு பம்பாயில் ஆங்கிலத்தில் அச்சேறிய சதுரங்க நூல், ஐரோப்பிய விதிகளுக்கு ஏற்ப அமைக்கப்பட்டதாயினும், பெரும்பாலும் முடிவுநிலைகளையே ஆராய்வது இம்மனப்போக்குக்குத் தக்க சான்று.

எனினும் இந்திய ஆட்டத்தின் அந்த மெதுவான நடையே உலகத் தொடக்கக் கலையைப் பின்னாளில் வளப்படுத்தியது என்பது போதிய அளவு பேசப்படாத செய்தி.  பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கல்கத்தாவில் ஜான் காக்ரேன் என்னும் வழக்கறிஞர், மகேஷ் சந்திர பானர்ஜி என்னும் வங்க ஆட்டக்காரருடன் நூற்றுக்கணக்கான ஆட்டங்களை ஆடி, அவற்றைப் பதிவும் செய்துகொண்டிருந்தார். நாட்டு விதிகளில் பழகிய பானர்ஜி, வெள்ளைச் சிப்பாய்கள் நடுக்கட்டங்களைப் பிடிக்க விட்டு, தம் குதிரைப் பக்கச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளி, அங்கே மந்திரியை நிறுத்தி, பலகையின் நீண்ட மூலைவிட்டத்தைத் தொலைவிலிருந்தே ஆளும் முறையைக் கையாண்டார். ஐரோப்பியர் அதை அன்று ஒரு விந்தையாகவே கண்டனர். ஆனால் 1855இல் அவர் ஆடிய ஓர் ஆட்டத்தின் முதல் நகர்த்தல்கள், 1922இல் வியன்னாவின் எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்ட் உலகறியச் செய்த, இன்று அவர் பெயராலேயே வழங்கும் தற்காப்பு முறையாகும். நடுக்கட்டங்களில் சிப்பாய்களை நிறுத்துபவரே மேலானவர் என்ற பழைய அளவுகோலை 1920களில் நிம்சோவிச்சும் ரெட்டியும் அசைத்தபோது, அவர்களுக்கு முன்மாதிரியாக நின்றவை ‘இந்தியத் தற்காப்புகள்’ என்றே இன்றும் அழைக்கப்படுகின்றன. அவற்றின் தகுதியை ஒரே வரியில் சொல்வதானால், எதிராளி கட்டியதையே அவர் காக்க வேண்டிய சுமையாக மாற்றிவிடும் ஆற்றல் எனலாம்.

தொடக்கங்களைக் கல்லாமலே உயர முடியும் என்பதற்கும் அந்த உயர்வுக்கு ஓர் எல்லை உண்டு என்பதற்கும் பஞ்சாபின் மீர் சுல்தான் கான் சான்றாவார். நாட்டு விதிகளில் வளர்ந்த அவர் 1929, 1932, 1933 ஆண்டுகளில் பிரிட்டிஷ் பட்டத்தை வென்றார்; காபபிளாங்காவையும் ஒரு முறை தோற்கடித்தார். ஆயினும் பல ஆட்டங்களில் தொடக்கத்தில் இழந்ததை நடு ஆட்டத்தில் மீட்கவே அவர் பெரிதும் உழைக்க வேண்டியிருந்தது.

தமிழகத்தில் தொடக்கக் கல்வி முறையாக அமைந்தது மானுவேல் ஆரோனின் காலத்தில்தான். 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆன அவர், ஒன்பது முறை தேசிய வாகையர். 1962இல் ஸ்டாக்ஹோமில் போர்டிஷ், ஊல்மன் ஆகிய இருவரையும் வென்றவர். சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் 1972இல் தொடங்கப்பட்ட தால் சதுரங்க மன்றத்துக்கு அவரே உயிர்நாடியாக இருந்தார். மேலை நாட்டு மரபை நூல் வழியும் ஆட்டத்தின் வழியும் ஒருசேரக் கற்ற முதல் தலைமுறை அங்கேதான் உருவாயிற்று. விசுவநாதன் ஆனந்த் அம்மன்றத்தில் ஆடி வளர்ந்தவர்.

ஆனந்தின் வாழ்க்கையையே தொடக்கக் கலையின் வரலாறாகப் படிக்கலாம். நெடுங்காலம் அவர் ஈ4 ஆட்டக்காரர். 1995இல் நியூயார்க்கில் கஸ்பரோவுக்கு எதிரான உலகப் பட்டப் போட்டியின் பத்தாம் ஆட்டத்தில், ஸ்பானியத் தொடக்கத்தின் ‘திறந்த’ கிளையை, அதாவது கறுப்புக் குதிரை வெள்ளையின் நடுச் சிப்பாயை வெட்டிவிடும் கிளையை, அவர் தேர்ந்தார். எதிராளியோ வீட்டிலேயே ஆராய்ந்து வைத்திருந்த யானைத் தியாகத்தை விரைவாக ஆடி வென்றார். பலகையில் அமர்ந்து சிந்திப்பவருக்கும் பலகைக்கு வருமுன்பே சிந்தித்து முடித்தவருக்கும் உள்ள வேறுபாட்டை அந்த ஆட்டம் காட்டிற்று.

அப்பாடத்தின் முழுப் பயன் 2008இல் பான் நகரில் கிராம்னிக்குடன் ஆடிய உலகப் பட்டப் போட்டியில் வெளிப்பட்டது. கிராம்னிக் ஈ4க்கு எதிராக அசைக்க முடியாத தற்காப்புகளை வைத்திருப்பவர். அவருடைய ‘பெர்லின்’ முறையை 2000இல் கஸ்பரோவே உடைக்க முடியவில்லை. எனவே ஆனந்த் தம் வாழ்நாள் பழக்கத்தை விட்டு, வெள்ளைக் காய்களுடன் ஏறத்தாழ எல்லா ஆட்டங்களையும் டி4 கொண்டு தொடங்கினார். 1972இல் ஸ்பாஸ்கிக்கு எதிராக ஃபிஷர் செய்த மாற்றத்துக்கு இது இணையானது. கறுப்புக் காய்களில் அவர் எடுத்த முடிவு இதனினும் துணிவானது. ராணிச் சிப்பாய் ஆட்டங்களில் தேர்ந்த கிராம்னிக்கை அவருடைய சொந்தக் களத்திலேயே எதிர்கொண்டு, ‘மெரான்’ எனப்படும் கூர்மையான கிளையில் தம் ராஜாவை நடுவிலேயே விட்டு, சிப்பாய் அமைப்பு குலைவதையும் ஏற்று, அதனால் திறந்த நெடுவரிசையைத் தம் யானைக்குப் பாதையாக்கினார். மூன்றாம் ஆட்டத்திலும் ஐந்தாம் ஆட்டத்திலும் அதே கிளை. இரண்டிலும் கறுப்பே வென்றது. கொல்கத்தாவின் சூர்ய சேகர் கங்குலி உள்ளிட்ட துணைவர் குழுவின் உழைப்பு அதன் பின்னால் இருந்தது. புள்ளிக் கணக்கு 6.5–4.5. தமிழகச் சதுரங்கம் தொடக்கக் கலையில் எட்டிய சிகரம் இந்தப் போட்டிதான் எனத் துணிந்து கூறலாம்.

ஆனால் புதுமை மட்டுமே அளவுகோல் அன்று. 2010இல் சோபியாவில் டோபலோவுடன் ஆடிய கடைசி ஆட்டத்தில் ஆனந்த் தேர்ந்தது, எமானுவேல் லாஸ்கரின் பெயர் தாங்கிய மிகப் பழைய தற்காப்பு. காய்களை மாற்றிக்கொண்டு நெருக்கடியைத் தணிக்கும் அந்த அடக்கமான முறையைக் கொண்டே, வெல்லத் துடித்த எதிராளியைப் பொறுமையிழக்கச் செய்து பட்டத்தைக் காத்தார். 2013இல் சென்னையிலேயே கார்ல்சனிடம் அவர் தோற்றது இன்னொரு மாற்றத்தை அறிவித்தது. எல்லாத் தொடக்கங்களையும் கணினி சமநிலைக்குக் கொண்டுவந்துவிட்ட காலத்தில், கார்ல்சன் தொடக்கத்தில் மேன்மையைத் தேடவே இல்லை. நீண்ட நேரம் ஆடத்தக்க நிலை ஒன்று கிடைத்தாலே போதும் என்றிருந்தார்.

இந்த நிலையை உணராமல், மாவட்டப் போட்டிகளுக்குச் சிறுவரைப் பழக்கும் இடங்களில், வாலாஜாபேட்டை ஆயினும் ஆம்பூர் ஆயினும் வாணியம்பாடி ஆயினும், ‘லண்டன்’ முறை போன்ற ஒரே அமைப்பை எல்லா எதிராளிகளுக்கும் பொதுவாக மனனம் செய்விப்பது வருந்தத்தக்கது. அதனால் தொடக்கத்தில் தவறு நேராது என்பது உண்மை. ஆனால் காய்கள் திறந்த வெளியில் மோதும் நிலைகளைக் காணாமலே குழந்தை வளர்ந்துவிடுகிறது. முதல் ஓரிரண்டு ஆண்டுகள் ஈ4 ஆட்டங்களில் அடிபட்டும் அடித்தும் கற்பதே நல்லது.

சென்னையின் குகேஷ் 2024இல் சிங்கப்பூரில் டிங் லிரனை எதிர்கொண்டபோது, முதல் ஆட்டத்தை ஈ4 கொண்டு தொடங்கி, பிரெஞ்சுத் தற்காப்புக்கு எதிரே தோற்றார். மூன்றாம் ஆட்டத்தில் டி4 கொண்டு வென்று கணக்கைச் சமன் செய்தார். பதினோராம் ஆட்டத்தில் குதிரையை முதலில் எடுத்து ரெட்டி முறையில் வென்றார். அவருடைய துணைவர் காயெவ்ஸ்கி முன்பு ஆனந்துடனும் பணியாற்றியவர். டிசம்பர் 12ஆம் நாள் நடந்த பதினான்காம் ஆட்டத்தில் வெள்ளைக் காய்களைப் பெற்ற டிங், பானர்ஜி அன்று கறுப்பில் ஆடிய அமைப்பையே நிறம் மாற்றி ஆடினார். தொடக்கம் எவருக்கும் மேன்மை தரவில்லை, ராணிகள் வெளியேறின, ஆட்டம் சமனாகவே நெடுநேரம் நீண்டது. வெள்ளையின் ஐம்பத்தைந்தாம் நகர்த்தலில் டிங் யானையைத் தவறான கட்டத்துக்குக் கொண்டுசென்றார். குகேஷ் யானைகளையும் மந்திரிகளையும் மாற்றிக்கொண்டு, சிப்பாய்கள் மட்டுமே எஞ்சிய முடிவுநிலையில் வென்று, 7.5–6.5 என்ற கணக்கில் உலகப் பட்டத்தைப் பெற்றார்.