பூட்டு எந்த வாசலில்?

டிவியில் போஸ்டர் தெரிகிறது. படத்தின் பெயர், வருடம், நடிகர்கள் எல்லாம் இருக்கிறது. அழுத்தினால் மட்டும் ஓடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா ‘திருவிளையாடல்’ பார்க்க உட்கார்ந்தபோது எங்கள் வீட்டில் நடந்தது இது. டிவிக்குக் கீழே அலமாரியில் ஒரு பழைய மினி கம்ப்யூட்டர். அதில் உபுண்டு, அதன்மேல் ஜெல்லிஃபின் என்ற மீடியா சர்வர். வாங்கிச் சேர்த்த டிவிடிகளை எல்லாம் ஃபைலாக்கி, முந்தின நாள்தான் புது ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்கு மாற்றியிருந்தேன். பழைய இடத்திலிருந்து புது டிஸ்க்கைக் காட்டும்படி ஒரு சிம்லிங்க் போட்டுவிட்டு, என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு தூங்கப் போயிருந்தேன். அந்தக் கம்ப்யூட்டரில் நானே போய்ப் பார்த்தால் ஃபைல் இருக்கிறது, திறக்கிறது, சிவாஜி பேசுகிறார். டிவிக்கு மட்டும் வரமாட்டேன் என்கிறார்.

எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். படங்கள் இருக்கும் ஃபோல்டருக்கு, அனுமதியை மாற்றும் சிஎச்மோட் கட்டளையில் 777. படிக்க 4, எழுத 2, நுழைய 1. மூன்றும் கூடினால் 7. உரிமையாளருக்கு ஒரு 7, குழுவுக்கு ஒரு 7, ஊருக்கெல்லாம் ஒரு 7. இதைவிட அகலமாக ஒரு கதவைத் திறக்க வழியே கிடையாது. அப்படியும் படம் ஓடவில்லை.

அப்போதுதான் சித்தப்பா வந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடத்துக்கு மேல் லைன் ஃபால்ட் பார்த்து ஓய்வுபெற்றவர். ஓய்வுக்குப் பிறகு சீட்டாட்டம் பிடிக்காமல் லினக்ஸைப் பிடித்துக்கொண்டவர். காபி டம்ளரோடு உட்கார்ந்து, “என்னடா பண்ணின?” என்றார். சொன்னேன்.

“சரி. இனிமே எதையும் தொடாத. மொதல்ல எங்க நின்னு போச்சுன்னு பாப்போம். ஏன்னு அப்புறம்.”

அடுத்த ஒரு மணி நேரத்தில் அவர் தட்டிய கட்டளைகள் இருபதுகூட இராது. அவற்றில் எதையாவது மாற்றியவை நாலைந்து. மற்றதெல்லாம் வெறுமனே பார்ப்பது. இந்தக் கைவேலையின் அழகு இந்தக் கணக்கில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. பழுதை நீக்குவது பலருக்கும் வரும். பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிகிறவரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பது சிலருக்குத்தான் வாய்க்கும்.

முதலில் அவர் டிவி சொன்ன பிழைச் செய்தியை ஒதுக்கினார். ‘இயக்க முடியவில்லை’ என்பது வாசலில் நிற்கும் ஆள் சொல்வது; உள்ளே என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியாது. சர்வரின் நடப்புப் பதிவான லாகைத் திறந்தார். அங்கே வரும் செய்திகளில் மூன்றைப் பிரித்து அறிவதுதான் அரிச்சுவடி என்றார். ‘அப்படி ஒரு ஃபைல் இல்லை’ என்றால் பிழை எண் 2: பெயரோ பாதையோ தப்பு. ‘பர்மிஷன் டினைட்’ என்றால் எண் 13: பொருள் இருக்கிறது, கேட்டவருக்கு அனுமதி இல்லை. ‘இன்புட் அவுட்புட் எரர்’ என்றால் எண் 5: டிஸ்க்கோ வயரோ படுத்திருக்கிறது. மூன்றும் டிவியில் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் மூன்றுக்கும் வைத்தியம் வேறு. ஒன்றின் மருந்து இன்னொன்றுக்கு விஷமாகவும் ஆகலாம். எங்கள் லாகில் இருந்தது 13.

“நீ பாத்தா திறக்குதுன்னியே, நீ யாரு?” என்றார். விளையாட்டாகக் கேட்கவில்லை. கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1969இல் பெல் லேப்ஸில் தொடங்கிய யூனிக்ஸ், ஒரே இயந்திரத்தைப் பல பேர் பங்கிட்டுக்கொண்ட காலத்தில் வளர்ந்தது. ஒருவர் மேசையில் இன்னொருவர் கைவைக்கக் கூடாது என்பதற்காக வந்தவை இந்த அனுமதிகள். அதன் வழியில் வந்த லினக்ஸ் இன்று நம் வீட்டு அலமாரியில் ஓடும்போது அந்தப் பல பேர் மனிதர்கள் இல்லை, நிரல்கள். ஜெல்லிஃபின் தனக்கென்று ஒரு பயனர் கணக்கு வைத்துக்கொண்டு, அந்தப் பெயரில்தான் உள்ளே நடமாடுகிறது. நான் திறந்து பார்த்தது என் பெயரில். எனக்கு வழி இருப்பதால் அதற்கும் வழி இருப்பதாக நினைத்ததுதான் என் முதல் பிசகு. சித்தப்பா சூடோ கட்டளையில் ஜெல்லிஃபினின் வேஷத்தைப் போட்டுக்கொண்டு அதே ஃபைலைக் கேட்டார். மறுப்பு வந்தது. முகத்தில் ஒரு திருப்தி. பழுதை நினைத்தபோது வரவழைக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி, எந்த இடம் என்பது. எக்ஸ்சேஞ்சில் புகார் வந்தால் அவர்கள் முதலில் எல்லா லைனும் வந்து சேரும் எம்டிஎஃப் சட்டத்தில் லைனைப் பிரித்துச் சோதிப்பார்களாம்: ஃபால்ட் எக்ஸ்சேஞ்சுக்கு உள்ளேயா, வெளியேயா? வெளியே என்றால் தெருவோரப் பெட்டியான பில்லர் வரை சரியா? பில்லர் சரி என்றால் வீட்டருகே இருக்கும் டிபி பெட்டி வரை? ஒவ்வொரு கேள்வியும் சந்தேகத்துக்குரிய தூரத்தை வெட்டிக்கொண்டே வரும். ஃபைல் பாதையும் அப்படி ஒரு லைன்தான். ‘நேம்ஐ’ என்று ஒரு சின்னக் கட்டளை உண்டு. விரிவாகக் காட்டச் சொல்லிப் பாதையைக் கொடுத்தால் மூல ஃபோல்டரிலிருந்து கடைசி ஃபைல் வரை ஒவ்வொரு படியையும் ஒரு வரியாக்கி, அங்கே உரிமையாளர் யார், குழு எது, அனுமதி என்ன என்று அடுக்கிக் காட்டும். நடுவில் சிம்லிங்க் இருந்தால் அதன் பின்னாலும் நடந்து போகும். அதைப் பார்த்தபோதுதான் என் கெட்டிக்காரத்தனத்தின் நீளம் எனக்கே தெரிந்தது.

உபுண்டுவில் டிஸ்க்கைச் செருகினால், ‘மீடியா’ என்ற ஃபோல்டருக்குள் நம் பயனர் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் டிஸ்க். அந்த நடு ஃபோல்டருக்குத் தலைமைக் கணக்கான ரூட்தான் சொந்தக்காரர். அதன் வழியே போக நமக்கு மட்டும் தனிச் சலுகை. சித்தப்பா அதே ஃபோல்டரை ‘எல்எஸ்’ போட்டுக் காட்டினார். அனுமதி எழுத்துகளின் வால் நுனியில் ஒரு சிறு கூட்டல் குறி. ‘இங்கே சொல்லாத விதி ஒன்று உண்டு’ என்பதற்கு அடையாளம் அது. விரித்துப் பார்த்தால் என் பெயர் மட்டும் எழுதியிருக்கிறது. நான் 777 போட்டது பூஜையறைக் கதவுக்கு. பூட்டு இருந்தது ரேழியில்.

இதில் ஒரு நுட்பம் சொன்னார், அதை இன்னும் மெல்லுகிறேன். ஃபைலுக்கு ‘படி’ என்றால் படிப்பதுதான். ஃபோல்டருக்கு ‘படி’ என்பது உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் பார்ப்பது. ‘நுழை’ என்பது வேறு. அதன் வழியாகக் கடந்து போவது. நுழையும் உரிமை மட்டும் இருக்கிறவன் விளக்கில்லாத தெருவில் நடப்பவன் மாதிரி: யார் வீடு எது என்று பார்க்க முடியாது, ஆனால் போகவேண்டிய வீடு தெரிந்தால் நேரே போய்க் கதவைத் தட்டலாம். பட்டியல் உரிமை மட்டும் இருந்து நுழைவு இல்லாதவனுக்குப் பெயர்ப் பலகைகள் தெரியும், ஒரு வீட்டுக்குள்ளும் போக முடியாது.

திருத்தம் எளிது. அந்த ரேழிக் கதவை அவர் உடைக்கவில்லை. அது அவ்விதம் இருப்பதற்குக் காரணம் உண்டு. நான் செருகும் பென் டிரைவ் எல்லோருக்கும் தெரியவேண்டியதில்லை. டிஸ்க்கை அங்கிருந்து எடுத்து, பொதுப் பொருளுக்கான வேறு இடத்தில் இணைத்தார், அதாவது மவுண்ட் செய்தார். எந்த டிஸ்க் எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்று குறித்து வைக்கும் ‘எஃப்எஸ்டேப்’ ஃபைலில் டிஸ்க்கை ‘எஸ்டிபி’ என்று எழுதாமல் அதன் நீண்ட அடையாளமான யூயூஐடியை எழுதினார்; எஸ்டிபியும் எஸ்டிசியும் ரீஸ்டார்ட்டுக்கு ரீஸ்டார்ட் இடம் மாறக்கூடியவை. பிறகு நான் ஊருக்குக் கொடுத்த 7ஐத் திரும்ப வாங்கினார். அங்கேதான் அவர் கை தனியாகத் தெரிந்தது. சிஎச்மோடில் சின்ன எக்ஸ் போட்டால் ஃபைல், ஃபோல்டர் எல்லாவற்றுக்கும் நுழைவு உரிமை கிடைக்கும். படத்துக்கு எதற்கு அது? பெரிய எக்ஸ் போட்டால் ஃபோல்டர்களுக்கும், ஏற்கெனவே அந்த உரிமை உள்ள ஃபைல்களுக்கும் மட்டும் கிடைக்கும். என் 777 படங்கள் ஃபோல்டரின் மேல் மட்டும்தான் விழுந்திருந்தது, உள்ளிருந்த ஃபைல்கள் சுத்தம். அதனால் ஒரே வரியில் வேலை முடிந்தது. எழுத்தின் அளவில் இவ்வளவு விஷயத்தை ஒளித்து வைத்தவர் யாரோ, அவருக்கும் ரசனை இருந்திருக்க வேண்டும்.

777 மேல் அவருக்குக் கோபம் இருப்பதற்குப் பாதுகாப்பு மட்டும் காரணமில்லை. அது பல நேரம் வேலையே செய்யாது. விண்டோஸிலிருந்து வந்த டிஸ்க், எக்ஸ்ஃபேட்டோ என்டிஎஃப்எஸ்ஸோ இருந்தால், பெரும்பாலும் அனுமதியை நிர்ணயிப்பது மவுண்ட் செய்யும்போது கொடுத்த விதி. பிறகு என்ன எண் போட்டாலும் தண்ணீரில் எழுதிய மாதிரிதான். வேலை செய்துவிட்டால் அது இன்னும் மோசம். எதனால் சரியானது என்று தெரியாமலே சரியாகிவிடும். தெரியாமல் சரியானது தெரியாமலே திரும்பவும் கெடும்.

அதன்பின் எனக்கே இந்த ருசி ஏறிவிட்டது. நான் பார்த்த வழக்குகளில் மனதுக்கு நெருக்கமானது தமிழ்ப் பெயர்களால் வந்தது. 1973இல் வந்த ‘கௌரவம்’ ஓடுகிறது, சப்டைட்டில் வரவில்லை. படமும் சப்டைட்டிலும் ஒரே பெயரில் இருந்தால்தான் சர்வர் ஜோடி சேர்க்கும். இரண்டும் ஒரே பெயர்தான், என் கண்ணுக்கு. ‘நுழைய முடியுதா’ என்ற கேள்வியை விட்டு ‘இது அதேதானா’ என்று கேட்டபோதுதான் பிடிபட்டது. படத்தின் பெயரில் இருப்பது ஔகாரக் குறி. சப்டைட்டிலில் யாரோ ஒற்றைக் கொம்பு போட்டு, க எழுதி, பக்கத்தில் ‘ள’ தட்டியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து நாம் அப்படித்தானே பார்த்துப் பழகியிருக்கிறோம்! கம்ப்யூட்டருக்கு அது கௌரவம் இல்லை, கெ-ள-ர-வ-ம்.

இதைவிடச் சூட்சுமமானது ஒகரம். யூனிகோடில் ‘கொ’வின் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். ஒன்றுக்கு 3 பைட், மற்றதற்கு 6. திரையில் மயிரிழை வித்தியாசம் கிடையாது. மேக்கின் பழைய ஃபைல் அமைப்பான ஹெச்எஃப்எஸ் பிளஸ், ஃபைல் பெயர்களைப் பிரித்தே வைக்கும். லினக்ஸ் கொடுத்ததைக் கொடுத்தபடி வைக்கும். ஒரே படம் இரண்டு பெயரில் நிற்கும்; கேட்டால் பிழை எண் 2. நீளத்திலும் நமக்கு நெருக்கடி உண்டு. லினக்ஸின் இஎக்ஸ்டி4இல் ஒரு பெயருக்கு 255 பைட் எல்லை. தமிழ் எழுத்துக்கும் குறிக்கும் தலைக்கு 3 பைட் என்பதால் 85க்கு மேல் இடமில்லை. கண்ணுக்கு ஏழு எழுத்தான ‘திருவிளையாடல்’ மட்டும் 39 பைட் பிடிக்கிறது. விண்டோஸ் தாங்கிய நீண்ட பெயர் இங்கே வந்து இடிப்பது இதனால்தான்.

இந்தக் கலையில் கையை எடுத்துவிட வேண்டிய இடம் ஒன்றும் உண்டு: பிழை எண் 5. அங்கே திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பது காயத்தைக் கிளறுவது. டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தரும் ஸ்மார்ட் அறிக்கையில் 197ஆம் எண் ஏறியிருந்தால் டிஸ்க்கில் படிக்க முடியாத இடங்கள் காத்திருக்கின்றன. வேறு எதற்கும் முன்னால் பிரதி எடுக்க வேண்டும். 199 மட்டும் ஏறுகிறது என்றால் டிஸ்க்கைச் சபிக்காமல் முதலில் வயரை மாற்றிப் பார்க்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். படம் ஓட ஆரம்பித்தது. அம்மா காலை நீட்டிக்கொண்டார். நாகேஷ் தருமியாக மண்டபத்தில் புலம்பிக்கொண்டிருந்தபோது திரை அணைந்தது. வீடே கத்தியது. சித்தப்பாதான் சர்வரை ரீஸ்டார்ட் செய்திருந்தார்.

“என்ன சித்தப்பா, நல்லாத்தானே ஓடிச்சு!”

“இப்ப ஓடுறது நான் கையால மவுண்ட் பண்ணினது. நாளைக்குக் கரண்ட் போய் வந்தா ஓடுமா?”

அவர் பயந்தது இன்னொன்றுக்கு. ஜெல்லிஃபின் எழுந்திருக்கும்போது டிஸ்க் இன்னும் வரவில்லை என்றால் மவுண்ட் இடம் வெறும் ஃபோல்டராக நிற்கும். பூட்டு இல்லை, பிழையும் இல்லை. உள்ளே ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். படங்களை எல்லாம் அழித்துவிட்டார்கள் என்று நினைத்து சர்வர் தன் பட்டியலையே துடைத்துவிடுமோ என்பது அவர் பயம். அதற்காக, டிஸ்க் வந்த பிறகே ஜெல்லிஃபின் எழ வேண்டும் என்று, நிரல்களை எழுப்பிவிடும் சிஸ்டம்டியில் ஒரு வரி சேர்த்திருந்தார். அந்த வரி வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் இந்த இருட்டு.

பச்சை விளக்கு மினுங்கியது. டிஸ்க் முனகியது. நிமிஷங்கள் மெதுவாகப் போயின. போஸ்டர் வந்தது, அம்மா அழுத்தினார், தருமி விட்ட இடத்திலிருந்து புலம்பினார். சித்தப்பா அதற்குப் பிறகுதான் ஆறிப்போன காபியைக் கையில் எடுத்தார்.