செல்லம்மாவின் கால அட்டவணை

புதுச்சேரி ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். வெளியூர்த் தோழிகளை அங்கே அழைத்துப்போகும்போதெல்லாம் என் கண் ஒன்றைத் தேடும். இந்த வீட்டில் அடுப்பு எரிந்த இடம் எது? கவிஞர் எங்கே உட்கார்ந்து எழுதினார் என்று கேட்பவர்கள் உண்டு. சோறு எங்கே வெந்தது என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

இந்தக் கேள்வி எனக்கு வருவதற்குக் காரணம் என் பிழைப்பு. முத்தியால்பேட்டையில் ஒரு மாடி வீட்டிலிருந்துகொண்டு பதினோரு வருடமாக மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்கிறேன். மாதச் சம்பளம் கிடையாது. பக்கத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் ஒழுங்கான தினசரியை அமைத்துக்கொள்வது எப்படி என்று சொல்லும் புத்தகங்களை நிறையப் படித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே அறிவுரைதான். ஐந்து மணிக்கு எழு. வேலைக்கென்று ஓர் இடம் வை. கதவைச் சாத்து. இருபத்தைந்து நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு.

கடைசியில் சொன்னதற்குப் பொமோடோரோ முறை என்று பெயர். 1980களின் இறுதியில் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ என்னும் இத்தாலிய மாணவர், தக்காளி வடிவத்தில் இருந்த சமையலறைக் கடிகாரம் ஒன்றை மேசையில் வைத்துப் படித்ததில் பிறந்தது அது. சமையலறையிலிருந்து கடிகாரம் மட்டும் மேசைக்கு வந்தது. அது அதுவரை யாருக்காக மணியடித்துக்கொண்டிருந்தது என்பது அந்த முறைக்குத் தேவைப்படவில்லை. என் வீட்டில் அந்த இருபத்தைந்து நிமிடத்துக்குள் குக்கர் நான்கு முறை கூவும், சிலிண்டர்காரர் கீழிருந்து குரல் கொடுப்பார், குழாயில் தண்ணீர் நின்றுவிடும். கதவைச் சாத்தலாம். சாத்திய கதவுக்கு வெளியே இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தால் சாத்தலாம்.

அந்த ஆள் யார் என்று பார்க்க, எங்கள் ஊரின் மிகப் புகழ்பெற்ற வீட்டிலிருந்து எழுதியவரிடமே போகலாம். பாரதி 1908இல் புதுச்சேரிக்கு வந்தார். 1918 வரை இங்கே இருந்தார். அவர் நடத்திய ‘இந்தியா’ இதழ் 1910இல் நின்றுபோனது. அதன்பின் நிலையான வருமானம் இல்லை. ‘சுதேசமித்திரன்’ போன்ற பத்திரிகைகளுக்கு எழுதி வரும் பணமும் நண்பர்களின் உதவியும்தான். இன்றைய பேச்சில் அவர் ஒரு ஃப்ரீலான்ஸர். நேரம் காலம் பார்த்து எழுதியவர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. கடற்கரைக்குப் போவார், எங்கள் முத்தியால்பேட்டைத் தோப்புக்கு வருவார், நண்பர்களோடு மணிக்கணக்கில் பேசுவார். ஆனாலும் பாஞ்சாலி சபதமும் கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் அந்தப் பத்தாண்டில்தான் உருவாயின. இது எப்படி நடந்தது?

பதில் இரண்டு பெண்களின் நினைவுகளில் இருக்கிறது. செல்லம்மா சொன்ன ‘பாரதியார் சரித்திரம்’ ஒன்று. மண்டயம் சீனிவாசாச்சாரியாரின் மகள், சிறுமியாக அந்த வீட்டுக்குப் போய்வந்த யதுகிரி அம்மாள் எழுதிய ‘பாரதி நினைவுகள்’ இன்னொன்று. யதுகிரி சொல்லும் குருவிக் காட்சி தமிழர் எல்லாருக்கும் தெரிந்ததே. சுதேசமித்திரனுக்குக் கட்டுரை போனால்தான் பணம் வரும் என்று நினைவூட்டி, எழுதுவதற்கு வேண்டியதை எடுத்துவைத்து, சமையலுக்கான அரிசியையும் வைத்துவிட்டு உள்ளே போகிறார் செல்லம்மா. திரும்பி வந்தால் அரிசியில் ஒரு பங்கு குருவிகளுக்கு இறைந்து கிடக்கிறது. கவிஞர் ஆனந்தத்தில் இருக்கிறார். செல்லம்மா கலங்கி நிற்கிறார்.

இந்தக் காட்சியைக் கவிஞரின் கருணைக்குச் சான்றாக நமக்குச் சொல்லித்தந்தார்கள். பள்ளி மேடையில் பாரதி வேடமிட்ட பையன் அரிசியை இறைப்பான், கைதட்டுவோம். செல்லம்மா வேடமிட்ட பெண்ணுக்கு முகத்தைச் சுளிப்பது தவிர வேலை இல்லை. அவள் கவிதை புரியாதவள், வயிற்றைப் பற்றி மட்டும் நினைப்பவள்.

அதே காட்சியை வேலை செய்பவளாக வாசித்துப் பாருங்கள். கட்டுரை எப்போது போகவேண்டும் என்பது யாருக்குத் தெரிந்திருக்கிறது? அது போனால்தான் பணம் என்ற கணக்கு யார் தலையில் இருக்கிறது? தாளும் பேனாவும் யார் கையால் வந்தன? இரண்டு பெண் குழந்தைகள் அந்த நேரத்தில் யார் பொறுப்பு? இன்றைய புத்தகங்கள் ‘தினசரி’ என்று எதைச் சொல்கின்றனவோ அதை அந்த வீட்டில் செய்துகொண்டிருந்தவர் செல்லம்மா. பாரதிக்குக் கால அட்டவணை இல்லை என்பது தவறு. அது செல்லம்மா என்ற பெயரில் அந்த வீட்டில் நடமாடியது. அரிசி குறைந்ததும் உடைந்தது அவருடைய அன்றைய திட்டம்.

பாரதியைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. பெண் விடுதலையைத் தன் காலத்தில் அத்தனை உரக்கப் பாடிய ஆண் வேறு யார்? அவர் வீட்டிலேயே இது இப்படித்தான் இருந்தது என்றால், மற்ற வீடுகளைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

நூறாண்டு கழித்தும் கணக்கு பெரிதாக மாறவில்லை. ஒன்றிய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு அதற்குச் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம், ஆண் 97. 2024இல் அது 289 என்றும் 88 என்றும் ஆனது. ஐந்தாண்டில் இருவருக்குமே ஒன்பது பத்து நிமிடம் குறைந்திருக்கிறது; இடைவெளி அப்படியே இருக்கிறது. வீட்டிலிருந்து சம்பாதிக்கும் பெண் பாரதியாகவும் இருக்கவேண்டும், செல்லம்மாவாகவும் இருக்கவேண்டும். அவளிடம் போய், ‘உனக்கு ஒழுங்கு போதவில்லை, அரை மணி முன்னால் எழு’ என்கிறது அறிவுரை.

வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் கேட்டது ஆண்டுக்கு ஐந்நூறு பவுண்டும் தனக்கென ஓர் அறையும். நாமும் அதைப் பலமுறை மேற்கோள் காட்டியிருக்கிறோம். ஆனால் அந்த அறைக்கு வெளியே நெல்லி பாக்ஸால் என்ற பெண் பல ஆண்டுகள் வுல்ஃபின் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தார். பெண்ணியம் பேசும்போது இந்த இடத்தில் நான் தயங்குவேன். ஏனென்றால் என் கதையும் அதுதான்.

காலை ஒன்பதுக்கு என் வீட்டுக்கு ஓர் அக்கா வருவார். பாத்திரமும் துணியும் அவர் கையில் போனபின்தான் என் மடிக்கணினி திறக்கும். என் நான்கு மணி நேரம் அவர் கொடுத்தது. அவருடைய நாள் தொடங்குவதோ விடியுமுன் நான்கு மணிக்கு, தன் வீட்டு அடுப்படியில். சென்ற ஆண்டு ஒரு நிறுவனம் எனக்குத் தரவேண்டிய கூலியை மூன்று மாதம் இழுத்தடித்தது, பார்த்தவர்களிடமெல்லாம் புலம்பினேன். அதே வாரம் அக்கா ஐந்நூறு ரூபாய் கூட்டிக் கேட்டார். ‘பார்க்கலாம் அக்கா’ என்றேன். சொல்லி முடித்ததும் என் குரல் எனக்கே கேட்டது. அந்த நிறுவனத்தில் தொலைபேசியை எடுப்பவரும் என்னிடம் அதே சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

பீடி சுற்றுபவரும் அப்பளம் இடுபவரும் மொழிபெயர்ப்பவளும் ஒரே வரிசை. எண்ணிக்கைக்குக் கூலி, நோய்க்கும் ஓய்வுக்கும் கூலி இல்லை. வீட்டில் இருந்தபடி வேலை செய்பவர்களுக்காகச் சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1996இல் 177ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. ஆகவே நம் விடுமுறையை நாம்தான் விலையில் சேர்க்கவேண்டியிருக்கிறது. இப்போது நான் பக்கக் கூலி சொல்லும்போது அக்காவின் சம்பளத்தையும், அவருக்கு மாதம் நான்கு நாள் சம்பளத்தோடு விடுப்பையும் சேர்த்தே கணக்குப் போடுகிறேன். சில வேலைகள் கைவிட்டுப் போயின. போகட்டும்.

உடம்புக்கு நல்ல தினசரி என்று நான் கற்றதும் கொஞ்சம்தான். வீட்டில் இருந்த ஒரே மேசை மகனின் படிப்பு மேசை. பத்து வருடம் கட்டிலில் குனிந்து வேலை செய்து முதுகைக் கெடுத்துக்கொண்டேன். இரண்டாவது மேசை வாங்க, என் வேலையும் வேலைதான் என்று நானே முதலில் நம்பவேண்டியிருந்தது. மதியம் ஒன்று முதல் நான்கு வரை இந்த ஊரில் பல கடைகள் இன்றும் அடைத்திருக்கும். கடைக்காரர் கூச்சமில்லாமல் தூங்குகிறார், நானும் படுக்கிறேன். எல்லாரும் உறங்கியபின் இரவில் வேலை செய்வதை விட்டுவிட்டேன். அதைச் சுறுசுறுப்பு என்று பாராட்டுகிறவர்கள் யாருடைய தூக்கத்தில் கைவைக்கிறோம் என்று பார்ப்பதில்லை.

மற்றது வீட்டுக்குள் பேசித் தீர்க்கவேண்டியது. ‘உதவி செய்கிறேன்’ என்ற சொல் எங்கள் வீட்டில் இப்போது இல்லை. மதியச் சமையல் கணவருக்கும் மகனுக்கும். என்ன சமைப்பது, வீட்டில் என்ன இருக்கிறது, எத்தனை மணிக்கு உலை வைப்பது என்பதும் அவர்கள் பொறுப்பு. நினைவில் வைத்திருக்கும் வேலையும் சேர்ந்து கைமாறாவிட்டால் எதுவும் கைமாறவில்லை என்பதைச் செல்லம்மாவிடம்தான் படித்தேன்.

போன வாரம் ஒருநாள் மகன் அரிசி களைய மறந்துவிட்டான். பன்னிரண்டு மணிக்கு எனக்குத் தெரிந்தது. பக்கம் நடுவில் இருந்தது. எழுந்து போகக் கால் துடித்தது. போகவில்லை. அன்று இரண்டரை மணிக்குத்தான் சோறு.